கார் பெயிண்ட்: வாங்கும் முன் கேளுங்கள்

கேள்வி: பழைய ஆல்டோ. பானட், கூரை எல்லாம் வெளுத்துவிட்டது. பட்டறையில் கேட்ட தொகை எனக்குக் கட்டுப்படியாகாது. முதல் தடவையாக நானே வீட்டில் அடிக்கப் போகிறேன். எந்த பெயிண்ட் வாங்கலாம் ஐயா?
– பாலக்கோடு வாசகர்

பதில்: பெயிண்டைக் கடைசியில் வாங்குங்கள். முதல் பணம் எமரி பேப்பர், பட்டி, பிரைமருக்குப் போகட்டும். துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுங்கள். பட்டி வைத்த இடத்தை 80, 180, 320 எண் எமரி பேப்பரால் ஏறுவரிசையில் தேய்க்க வேண்டும், தண்ணீர் தொடாமல். பட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேலே பெயிண்ட் அடித்த பிறகு அது கொப்புளமாகக் கிளம்பும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதெல்லாம் பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகுதான், 600, 800 பேப்பரில். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய பள்ளம் கைக்குத் தெரியும்.

மாஸ்கிங் டேப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம். விலை குறைவென்று எனக்கு ஒரு கடையில் தள்ளிவிட்ட டேப், ஒரு பகல் வெயில் பட்டதும் கண்ணாடி ரப்பரில் பசையாக ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டித்தான் எடுத்தேன்.

நிறத்தைப் பெயர் சொல்லி வாங்காதீர்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் கலர் கோடை (நிறத்துக்கான குறியீட்டை) குறித்துக்கொண்டு, பெட்ரோல் டேங்கின் பெயிண்ட் அடித்த வெளிமூடியையும் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். வெயிலில் நின்ற வண்டியின் நிறம் அந்தக் குறியீடு சொல்லும் நிறமாக இருக்காது. அப்புறம், ஆடிக் காற்று ஓயட்டும். ஈரப் பெயிண்டில் புழுதி உட்கார்ந்தால் மறுபடியும் தேய்ப்புதான்.

கேள்வி: ஆஃபர் வந்ததால் ஆன்லைனில் ஆறு ஸ்ப்ரே டப்பா வாங்கிவிட்டேன். முழு காருக்கும் போதுமா?
– ஓசூர் வாசகர்

பதில்: போதாது. இதை வாங்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: நிறத்துக்கு மேல் கிளியர் கோட் (பளபளப்புப் பூச்சு) அடித்து ஒரு வாரமாகியும் கை வைத்தால் ஒட்டுகிறது. அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித்தான் கடையில் கொடுத்தார்கள். போய்க் கேட்டால், "உனக்குக் கலக்கத் தெரியவில்லை" என்று துரத்துகிறார்கள். பில் தரவில்லை. பணம் ஜிபேயில் அனுப்பினேன். என்ன செய்வது அண்ணா?
– அரூர் வாசகர்

பதில்: தம்பி, தப்பு உங்கள் மேல் இல்லை. ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தாலே கெட ஆரம்பித்துவிடும். திறந்து நாளான டின்னிலிருந்து பாட்டிலுக்கு மாற்றிக் கொடுத்தால் அதில் என்ன வேகம் மிச்சமிருக்கும்? கலக்கும் அளவும் ஒன்றல்ல. சில கிளியருக்கு இரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர், சிலதுக்கு நாலுக்கு ஒன்று. அந்த அளவு அச்சடித்த டின்னைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, வாங்கியவருக்குக் கலக்கத் தெரியவில்லை என்பது அநியாயம்.

இந்த பாட்டில் வியாபாரத்தைப் பற்றி வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். சீல் வைத்த டின்னில் தயாரித்தவர் பெயர், தயாரித்த மாதம், அளவு, விலை எல்லாம் இருந்தாக வேண்டும். பாட்டிலில் ஊற்றிய நிமிஷமே அத்தனையும் போய்விடுகிறது. "பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்பதும் இதோடு சேர்ந்த பழக்கம். பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. குறைத்துக் கொடுக்கும் அந்தச் சில ரூபாய்க்கு, கேள்வி கேட்கும் உரிமையையே வாங்கிக்கொள்கிறார்கள்.

உங்களிடம் ஜிபே பதிவு இருக்கிறது, அது சாட்சி. மீதி ஹார்டனரைப் பாட்டிலோடு பத்திரப்படுத்துங்கள். ஒட்டும் இடத்தைப் படம் எடுங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பிவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வழக்குப் போடலாம். இதற்கிடையில், ஒட்டும் கிளியர் மேலேயே இன்னொரு கோட் அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். கெட்டதை முழுக்க எடுத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

கேள்வி: வெள்ளைக் காரைக் கறுப்பாக்கலாமா சார்?
– ஊத்தங்கரை வாசகர்

பதில்: ஆர்.சி.யில் நிறம் எழுதியிருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். அலையத் தயாரென்றால் செய்யுங்கள்.

கேள்வி: ஹார்டனர் கலந்த பெயிண்ட் அடிக்கத் துணி மாஸ்க் போதுமா? திண்ணையை ஒட்டித்தான் அடிக்கப் போகிறேன். மாமியாருக்கு வீசிங் உண்டு.
– பென்னாகரம் வாசகர்

பதில்: வீசிங் இருப்பவரை வைத்துக்கொண்டு திண்ணையிலா? அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். நல்ல உடம்புக்காரருக்கே ஆஸ்துமாவை வரவழைக்கக் கூடியது. துணி மாஸ்க்கும் என்95-ம் ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி போட்டு அடிக்க வேண்டிய பொருள் அது. தேய்ப்பு, பட்டி வேலையை மட்டும் வாசலில் முடித்துக்கொண்டு, அடிக்கிற வேலையை பெயிண்ட் பூத் (பெயிண்ட் அடிப்பதற்கென்றே உள்ள மூடிய அறை) உள்ள பட்டறையில் கொடுங்கள். பட்டறைக் கூலியில் பெரும்பங்கு தேய்க்கிற வேலைக்குத்தான், அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பேரம் பேசுங்கள். தேய்க்கும்போதும் தூசி உள்ளே போகாதபடி மாமியார் அறைக் கதவைச் சாத்திவையுங்கள்.