வலி இல்லையாம், நல்லவேளையாம்!

கேள்வி: நான் எமர்ஜென்சி பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர். நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆறாத புண்களுக்கான சிகிச்சையும் ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன் சிகிச்சையும் (அழுத்தம் கூட்டிய சேம்பருக்குள், அதாவது மூடிய அறைக்குள், ஆக்சிஜனைச் சுவாசிக்கவைப்பது) தரும் மையம் ஒன்றில் கூப்பிடுகிறார்கள். பகல் வேலை மட்டும்தான் என்கிறார்கள். கற்ற வித்தை துருப்பிடித்துவிடும் என்று மனைவி தடுக்கிறாள். எனக்கோ இதில் ஆர்வம் உண்டு. சர்க்கரை நோயாளியான என் அப்பாவுக்கே உள்ளங்காலில் மூன்று மாதமாக ஒரு புண். ஊரில் அம்மா தினமும் கட்டு மாற்றி போட்டோ அனுப்புகிறார், நான் மாத்திரை சொல்கிறேன். நல்லவேளை, வலியே இல்லையாம். இந்த வேலைக்குப் போகலாமா?

பதில்: வேலையைப் பிறகு பார்ப்போம். ‘நல்லவேளை, வலியே இல்லையாம்’ என்று எழுத எப்படித் தம்பி மனம் வந்தது? சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் மூன்று மாதப் புண், வலி இல்லை என்றால் நரம்பு மரத்துவிட்டது என்று மருத்துவ மாணவன்கூடச் சொல்வான். வலித்திருந்தால் உங்கள் அப்பா நொண்டியிருப்பார், அந்த இடத்தை ஊன்றாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது அதே புண்ணின்மேல் நாள் முழுக்க நடக்கிறார். நீங்கள் ஆன்டிபயாடிக் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மாத்திரை கிருமியைப் பார்த்துக்கொள்ளும். பாதத்தில் விழும் எடையை அது என்ன செய்யும்?

முன்பின் தெரியாத ஒருவர் இதே காலோடு உங்கள் பிரிவுக்கு வந்தால், தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதுவீர்களா? மாட்டீர்கள். பெற்றவருக்கு மட்டும் போட்டோ போதுமா? போட்டோவில் நாற்றம் தெரியாது, சூடு தெரியாது, நாடி தெரியாது. மேலே பொத்தான் அளவு வாய் இருக்கும். சுற்றிலும் தடித்த காய்ப்புக்கு அடியில் குழி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று எந்த கேமரா சொல்லும்? அந்த வயதில் குனிந்து உட்கார்ந்து கட்டுப் போடும் அம்மா எதை ஊற்றிக் கழுவுகிறார் என்றாவது கேட்டீர்களா? ஹைட்ரஜன் பெராக்சைடு என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நுரை வருவதைப் பார்த்து மனம் குளிரும், புதிதாக வளரும் சதை வெந்துபோகும்.

இந்த வாரமே லீவு போட்டு ஊருக்குப் போங்கள். இரண்டு பாதங்களையும் நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதியுங்கள். புண்ணின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எழுதிவையுங்கள். சுத்தமான மழுங்கிய உலோகக் கம்பியை மெதுவாக உள்ளே விடுங்கள். ‘டக்’கென்று எலும்பில் தட்டினால் எலும்புவரை சீழ் போயிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், முதல் இரண்டு மூன்று வாரம் அது ஒன்றும் காட்டாமலே இருக்கலாம். ரத்த ஓட்டத்தை அறியக் கணுக்காலில் அளக்கும் ரத்த அழுத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். சர்க்கரையில் ரத்தக் குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும், அளவு பொய்யாகக் கூடுதலாக வரும். கால்விரல் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் முதலில் பார்க்க வேண்டியவர் ரத்தக் குழாய் சர்ஜன். ஓட்டம் சரியாக இருந்தால் காய்ப்பைச் சீவி, முழங்கால்வரை கழற்ற முடியாத வார்ப்புக் கட்டு (மாவுக்கட்டு மாதிரி) போட்டு, புண்ணின்மேல் விழும் எடையை இறக்க வேண்டும். கழற்ற முடிந்த பூட்ஸ் கொடுத்தால் வீட்டுக்குள் கழற்றிவிட்டுத்தான் நடப்பார்கள். ஆனால் சீழோ ரத்த ஓட்டக் குறைவோ இருக்கும்போது வார்ப்புக் கட்டு ஆபத்து. மறக்காமல் அவருடைய செருப்புக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆணி முனையே இருந்தாலும் அவருக்குத் தெரியாது.

புண் சிகிச்சை என்பதே தம்பி, இதுதான். எமர்ஜென்சியில் பார்த்தவரை மறுநாள் மறந்துவிடலாம். இங்கே அதே காலை வாராவாரம் அவிழ்த்து அளக்க வேண்டும். நாலு வாரத்தில் பரப்பு பாதியாகாவிட்டால் எங்கே தவறு என்று முதலிலிருந்து தேட வேண்டும்.

துருப்பிடிக்கும் பயம் பாதிதான் சரி. சேம்பருக்குள் ஒருவருக்கு வலிப்பு வந்தால் முதலில் ஆக்சிஜனை நிறுத்த வேண்டும், வலிப்பு ஓயும்வரை அழுத்தத்தைக் குறைக்கக் கூடாது. மூச்சு அடைபட்ட நிலையில் குறைத்தால் நுரையீரல் கிழியும். நுரையீரல் உறையில் காற்று சேர்ந்திருப்பதைக் கவனிக்காமல் உள்ளே அனுப்பினால், வெளியே கொண்டுவரும்போது அந்தக் காற்று விரியும். உள்ளே இருக்கும்போது சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை குறையலாம். வாசலின் தடவியவரையோ சட்டைப்பையில் ஃபோன் வைத்திருப்பவரையோ உள்ளே விட்டால் தீ விபத்துக்கு வழி. உங்கள் பழைய கை இங்கெல்லாம் தேவைப்படும். கார்பன் மோனாக்சைடு நச்சு, முக்குளிப்பவர்கள் வேகமாக மேலே வரும்போது உடலில் வாயுக் குமிழ்கள் உண்டாகி வரும் அழுத்த நோய் ஆகியவற்றை அந்த மையம் எடுக்கிறதா என்று கேளுங்கள். எடுத்தால் ‘பகல் வேலை மட்டும்’ என்பது பொய். அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் எண் சிகிச்சை அட்டவணைப்படி ஒரு அழுத்த நோயாளிக்கே 4 மணி 45 நிமிடம் ஆகும், அவர் நடுராத்திரியிலும் வருவார். எடுக்காவிட்டால் மனைவி சொல்வது சரி. மாதம் இரண்டு ஷிஃப்டாவது எமர்ஜென்சியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பளம் சேம்பர் அமர்வுகளின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல இரண்டு முதல் 2.4 மடங்கு அழுத்தத்தில் 90 நிமிடம், வாரம் ஐந்து நாள், 30 முதல் 40 அமர்வு என்று ஒருவரை இழுத்துவிடுவது சுலபம். எடையை இறக்காத காலுக்கு எத்தனை அமர்வு கொடுத்தும் பயனில்லை. எண்ணிக்கைக்குக் காசு என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வேலையில் சேர்ந்ததும் அப்பாவைக் கூட்டிவந்து சேம்பரில் படுக்கவைக்கலாம் என்று நினைத்திருந்தால், அதையும் விட்டுவிடுங்கள்.

பதில் சொல்ல அவர்களிடம் இரண்டு வாரம் கேளுங்கள். அதற்கு முன்னால், இன்றே அம்மாவுக்கு ஃபோன் போடுங்கள். புண்ணில் நாற்றம் உண்டா, பாதம் சிவந்து வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, சர்க்கரை காரணமில்லாமல் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உங்கள் லீவுக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்று இரவே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லுங்கள்.