போரில் தோற்ற தளபதி பெஞ்சமின் பட்லரைப் பற்றி இன்னும் ஏன் பேசுகிறார்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த போர், பட்லர் வடக்குப் பக்கம்) சொதப்பிய தளபதிகள் எத்தனையோ பேர் இருக்க, பட்லர் பெயர் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பதில், அவர் தளபதி ஆவதற்கு முன்பே இருபது வருஷம் வக்கீல் தொழிலில் ஊறிப்போனவர் என்பதுதான்.

போர்க்களத்தில் அவர் தேறவில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. 1861 ஜூனில் விர்ஜீனியாவின் பிக் பெத்தலில் அவரது படை தோற்றது. 1864-இல் அதே மாநிலத்தின் பெர்முடா ஹண்ட்ரட்டில் பெரும்படையோடு போய் முடங்கிக் கிடந்தார், அந்த டிசம்பரில் தெற்குப் படையின் ஃபிஷர் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார், அதோடு படைத்தலைமையும் போயிற்று.

ஆனால் 1861 மே 23 இரவைப் பாருங்கள். விர்ஜீனியா மாநிலம் அமெரிக்காவிலிருந்து பிரிவதற்கு அன்றுதான் மக்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதே இரவில் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு படகில் ஏறி, வடக்குப் படை கையில் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை வைத்திருந்தார்கள், அடுத்து குடும்பத்தை விட்டுப் பிரித்து வட கரோலினாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடி வந்துவிட்டார்கள். பட்லர் அந்தக் கோட்டைக்குப் பொறுப்பேற்று ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் வெள்ளைக் கொடியோடு தெற்குப் படையின் மேஜர் கேரி வந்தார். அடிமைகளின் எஜமானர் கர்னல் சார்லஸ் மல்லோரி சார்பில் அவர்களைத் திருப்பிக் கேட்டார். கேட்டதில் சட்டப்படி தப்பு எதுவும் இல்லை, ஏனென்றால் ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற 1850-ஆம் வருஷச் சட்டம் அப்போதும் அமலில்தான் இருந்தது, லிங்கனும் அதை ரத்து செய்யவில்லை. பட்லர் சட்டத்தை வைத்தே மடக்கினார். விர்ஜீனியா தன்னை அயல்நாடு என்று சொல்லிக்கொள்கிறது, அயல்நாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். பிரிய முடியாது என்று சொல்வது நீங்கள்தானே என்று கேரி திருப்பியடித்தபோது, பிரிந்துவிட்டதாகச் சொல்வது நீங்கள், ஆகவே அந்தச் சட்டத்தை நீங்கள் கேட்டு வர முடியாது என்றார். அப்புறம், இவர்களை எனக்கு எதிரான போர் வேலைக்குப் பயன்படுத்தினீர்கள், எதிரியின் போர்ச் சாதனத்தைப் பறிமுதல் செய்ய எனக்கு உரிமை உண்டு, வேண்டுமானால் கர்னல் மல்லோரியே நேரில் வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ளட்டும், ஆட்களைத் தருகிறேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

மனிதர்களைச் சொத்து என்று சொன்ன சட்டத்தை, அந்தச் சொத்துக் கணக்கை வைத்தே முடக்கிய இந்த வாதம் எனக்கு எத்தனை தடவை படித்தாலும் சிலிர்க்கும். சில நாட்களிலேயே குடும்பம் குடும்பமாக, கைக்குழந்தையும் கிழவிகளுமாக மன்றோ கோட்டைக்கு வர ஆரம்பித்தார்கள், போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள். 1861 ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் இந்த வழியைச் சட்டமாகவே ஆக்கியது. 1619-இல் விர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கியதும் அந்தக் கோட்டை நிற்கும் அதே கடற்கரையில்தான்.

அதற்காக ஆரம்பத்திலிருந்தே அவர் அடிமை ஒழிப்புவாதி என்று நினைத்துவிடாதீர்கள். 1860 ஜனநாயகக் கட்சி மாநாட்டில், பிறகு தெற்கின் அதிபரான ஜெஃபர்சன் டேவிஸுக்கே ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டுப் போட்டவர். 1861 ஏப்ரலில் மேரிலாந்தில் அடிமைகள் கலகம் செய்தால் அடக்க உதவுகிறேன் என்று அந்த மாநில ஆளுநருக்கே எழுதியவர். மனிதர் மாறினார், அந்த மூன்று பேர் வந்து கதவைத் தட்டியதுதான் அவரை மாற்றியது என்று நான் நம்புகிறேன்.

1862-இல் வடக்குப் படை பிடித்த நியூ ஆர்லியன்ஸ் நகரை ஆண்டபோது கெட்ட பேர் சம்பாதித்தார். வடக்கு வீரர்களை அவமதிக்கும் பெண்களை விலைமகளிராக நடத்தலாம் என்ற உத்தரவு அசிங்கமானது, அதற்குச் சமாதானம் சொல்ல நான் தயாரில்லை. ஊரே பேசும் அளவுக்கு அவர் அண்ணன் ஆண்ட்ரூ அங்கே வியாபாரத்தில் கொழுத்தார். ஆனால் அதே பட்லர்தான் தெருக்களைச் சுத்தம் செய்ய வைத்து, கப்பல்களைத் தனிமைப்படுத்தி, அந்தக் கோடையில் மஞ்சள் காய்ச்சல் பரவாமல் பார்த்துக்கொண்டார்.

போருக்குப் பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகி, கறுப்பின மக்களைத் தாக்கி வந்த வெள்ளையர் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளானை ஒடுக்கிய 1871 சட்டத்துக்குப் பாடுபட்டார். 1883-இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது ஜார்ஜ் லூயிஸ் ரஃபினை அந்த மாநிலத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக நியமித்தார். 1893 ஜனவரியில் வாஷிங்டனில் இறந்தபோது வயது 74. அதற்கு இரண்டு நாள் முன்புகூட உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் வாதாடியிருந்தார்.