அந்த ஒரு வரியில் என்ன எழுதினீர்கள்?

கேள்வி: தொடர் தோல்விகளால் எங்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். மாதக்கணக்காக நான் கேட்டது இதைத்தான், கொண்டாடினேன். என் தம்பிக்கு அவரைப் பிடிக்கும். அன்றிரவு சண்டையாகி, பாதியில் எழுந்து போனவன் இன்றுவரை பேசவில்லை. தன் சின்ன மகளைக்கூட எங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. சிறு வயதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் சேர்ந்தே பார்த்தவர்கள் நாங்கள். பயிற்சியாளரின் மகள் இணையத்தில் அப்பாவோடு எடுத்த படம் போட்டிருந்தாள். எல்லோரும் திட்டினார்கள், நானும் ஒரு வரி எழுதித் தம்பியிடம் காட்டினேன், அவ்வளவுதான். ஒரு விளையாட்டுக்காக அண்ணனை ஒதுக்குவது சரியா?

பதில்: மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அவர் யாரைத் தப்பான இடத்தில் ஆடவைத்தார், யாரை எப்போது மாற்றத் தவறினார் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழே எழுதிய வரி என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன்? என்னிடம் சொல்லக் கூசுகிற வரியை அவள் படிக்கட்டும் என்று எப்படி எழுதினீர்கள்?

பயிற்சியாளர் போக வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை. 1989 டிசம்பரில், அலெக்ஸ் பெர்குசன் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்குப் பயிற்சியாளராக வந்து மூன்று வருடம் ஆகியும் ஒரு கோப்பை இல்லை. அவர் கிளம்பட்டும் என்று துணியில் எழுதி மைதானத்திலேயே தூக்கிப் பிடித்தார் ஒரு ரசிகர். 1990 மே மாதம் இங்கிலாந்து அணிகள் மோதும் எஃப்.ஏ. கோப்பை வந்தது. 2013-இல் பெர்குசன் ஓய்வு பெற்றபோது அந்த அணிக்கு 13 லீக் பட்டங்கள் வாங்கித் தந்திருந்தார். ரசிகரின் கணிப்பு பொய்த்தது, சரி. ஆனாலும் அந்தத் துணியில் இருந்தது வேலையைப் பற்றிய கோபம். பெர்குசனின் பிள்ளைகளை அதில் இழுக்கவில்லை.

உங்கள் தம்பியைப் போல வருந்துவதிலும் தப்பில்லை. 2016 மே மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி அணியை லீக் சாம்பியனாக்கிய பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியை 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். அணி கீழ்நிலை லீக்குக்கு இறங்கிவிடும் என்ற பயம். நிர்வாகம் செய்தது சரி என்றவர்களும் உண்டு, மனம் உடைந்தவர்களும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருக்கலாம். அதற்காக அண்ணன் தம்பி உறவு அறுந்துபோவதில்லை.

உங்கள் வீட்டில் அறுந்தது வேறு இடத்தில். தம்பி தன் மகளை அனுப்புவதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். இன்னொருவர் மகளை எப்படிப் பேசினீர்கள் என்று தம்பிக்கே காட்டிவிட்டு, அவன் மகள் வரவில்லை என்று ஆச்சரியப்படுகிறீர்களா? நானாக இருந்தாலும் அனுப்பமாட்டேன்.

‘நீக்கினாலும் அவருக்குக் கோடிக்கணக்கில் பணம் போகும்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். போகட்டும். அது ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டியது. அந்தப் பணத்தை வாங்குவதால் அவர் மகளைத் திட்டும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. அப்பாவுக்கு வேலை போன அன்று ஒரு பெண் அவரோடு எடுத்த படத்தைப் போடுகிறாள் என்றால், ஊரே திட்டும்போது நான் உங்கள் பக்கம் என்று அப்பாவிடம் சொல்கிறாள். நம் வீட்டுப் பிள்ளைகள் இப்படி இருக்கவேண்டும் என்றுதானே ஆசைப்படுகிறோம்? ‘எல்லோரும் திட்டினார்கள்’ என்பதை என்னிடம் சொல்லாதீர்கள். குடும்பத்துக்கு மூத்தவர் சொல்லும் பேச்சா அது?

அந்த வரியை இன்றே அழியுங்கள். மன்னிப்பு கேட்கிறேன் என்று அவளுக்கு மறுபடி எழுத வேண்டாம், நீங்கள் அவள் கண்ணில் படாமல் இருந்தாலே போதும். அப்புறம் தம்பி வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் வேண்டாம். எழுதியது தப்பு என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவன் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சியாளரைப் பற்றிய வாதத்தை அன்றைக்கு எடுக்கவே கூடாது. புதுப் பயிற்சியாளரின் முதல் ஆட்டம் வரட்டும் என்று தள்ளிப் போடாமல், இந்த வாரமே போங்கள்.