யூத வரலாற்றுத் துறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: யூதர்களின் வரலாறு மிகப் பழையது. அதை ஆராயும் துறையும் அவ்வளவு பழையதுதானா?

பதில்: இல்லை, அதற்கு வயது இருநூறு ஆண்டுகளே. 1819இல் பெர்லினில் லியோபோல்ட் சுன்ஸ், எடுவார்ட் கான்ஸ் முதலிய இளைஞர்கள் ஒரு சங்கம் அமைத்து, அதுவரை சமய நோக்கில் ஓதப்பட்டுவந்த நூல்களை மற்றெந்தச் சமூகத்தின் ஆவணங்களையும் போலக் காலமும் இடமும் பார்த்து ஆராய முற்பட்டனர். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் இதற்குத் தனித் துறை தரவில்லை. பதினொரு தொகுதிகளில் யூத வரலாறு எழுதிய ஹைன்ரிஷ் கிரெட்ஸும் பிரெஸ்லாவ் நகரில் ரப்பிமாரை, அதாவது யூத சமய குருமாரை, பயிற்றிய கல்லூரியில்தான் முக்கியமாகக் கற்பித்தார்.

கேள்வி: அந்த வரலாறு ஏன் துன்பக் கதையாகவே எழுதப்படுகிறது?

பதில்: இக்குறையை 1928இலேயே வரலாற்றாசிரியர் சாலோ பரோன் சுட்டிக்காட்டி, அதைக் கண்ணீர் வரலாறு என்று கண்டித்தார். துன்பத்தை அறியாதவர் அல்லர் அவர். பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர், 1961இல் யூதப் படுகொலைக்காக நாஜி அதிகாரி ஐக்மன்மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னவர். அப்போதும் அவர் தம் கருத்தைக் கைவிடவில்லை.

கேள்வி: சாதாரண மனிதர்களைப் பற்றி அறிய ஆவணம் உண்டா ஐயா?

பதில்: ஏராளமாக உண்டு. இறைவன் பெயர் இருக்கக்கூடிய தாளை அழிக்கலாகாது என்ற வழக்கத்தால், பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் பல நூற்றாண்டுத் தாள்கள் சேர்ந்து கிடந்தன. அவற்றில் பெரும்பகுதியை யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் 1897இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். கடன் சீட்டு, திருமண ஒப்பந்தம், கடைக்கணக்கு என்று அதில் இல்லாதது குறைவு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜு, ஏடனிலிருந்து வந்த வணிகக் கடிதங்களின் வெற்றிடங்களிலேயே தம் கணக்கையும் குறிப்பையும் எழுதிவைத்திருக்கிறார். தாளின் அருமை அப்படி. 1132இல் ஆஷு என்ற அடிமைப் பெண்ணை அவர் விடுவித்த பத்திரமும் கிடைத்திருக்கிறது. எனக்கு எந்த அரசர் வரலாற்றையும்விட இது சுவையானது.

கேள்வி: இனி இத்துறை எங்கே போகும்?

பதில்: பல நாட்டு நூலகங்களில் சிதறிய கெய்ரோத் தாள்களின் துண்டுகள் படமாக்கப்பட்டு, ஒரே தாளின் பகுதிகளைக் கணினி இனங்கண்டு சேர்க்கிறது. ஆனால் சேர்ந்த தாளைப் படித்துப் பொருள் சொல்ல, எபிரேய எழுத்தில் எழுதிய அரபும், ஐரோப்பிய யூதர் மொழியான யித்திஷும் அறிந்தவர்கள் வேண்டும்.

கேள்வி: தமிழ் மட்டும் அறிந்த மாணவருக்கு இதில் இடமுண்டா?

பதில்: தமிழ் மட்டும் போதாது, ஆனால் அது வீணாகாது. ஏறத்தாழ கி.பி. 1000இல் யூத வணிகத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் வழங்கிய செப்பேடு, தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்தான வட்டெழுத்தில் இருக்கிறது. எபிரேயம் மட்டும் கற்றவர் அதன் முதல் வரியைக்கூட வாசிக்க முடியாது.