ரியர் வீல் டிரைவ் காரை நம்பி ஒட்டாவா குளிரில் இறங்கலாமா?

கேள்வி: ஒட்டாவாவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. 2014 மாடல் லெக்சஸ் ஐஎஸ் 250 எஃப் ஸ்போர்ட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ரியர் வீல் டிரைவ், அதாவது இன்ஜின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் வகை. மனதுக்குப் பிடித்துவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள், ஸ்னோவில் அது ஓடவே ஓடாது என்கிறார்கள். நான்கு சக்கரங்களையும் சுழற்றும் ஆல் வீல் டிரைவ் மாடல் அதே காரில் 2,500 டாலர் கூடுதல். எதை வாங்குவது?

பதில்: நீங்கள் பார்த்த காரையே வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. நான்கு வின்டர் டயருக்கான பணத்தை முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ரிம்மோடு சேர்த்தால் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். கையிலிருக்கும் காசு முழுவதும் காருக்கே போய்விடும் என்றால் வேண்டாம், இந்தக் காரை விட்டுவிடுங்கள்.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. முன்சக்கரம் இழுக்கிற காரில் இன்ஜினின் கனம் அந்தச் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஐஎஸ் பின்னாலிருந்து தள்ளுகிற கார், அதன் பின்பக்கமோ கொஞ்சம் லேசானது. அதனால் ஐஸ் படிந்த மேட்டில் கிளம்பும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வால் வெளியே போகும். ஆல் வீல் டிரைவ் இந்தக் கிளம்புகிற சிரமத்தைத் தீர்க்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. சிக்னலில் நிற்க வேண்டிய நேரத்தில் ரோட்டைப் பிடித்துக்கொள்வது டயரின் ரப்பர் மட்டுமே. சாதாரண ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். ஒட்டாவாவில் நவம்பர் முதல் மார்ச் வரை சராசரிக் குளிர் அதற்கும் கீழே. அதனால் எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் ஆல் சீசன் டயரில் ஓடும் ஆல் வீல் காரைவிட, நல்ல வின்டர் டயர் போட்ட ரியர் வீல் கார் ஐஸில் சீக்கிரம் நிற்கும். அந்த 2,500 டாலரில் பாதியை டயருக்குக் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எஃப் ஸ்போர்ட்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதன் 18 அங்குலச் சக்கரங்களில் முன்னால் 225, பின்னால் 255 மில்லிமீட்டர் என்று டயரின் அகலம் வேறுபடும். குளிர்காலத்துக்கு நான்கிலும் 17 அங்குல ரிம்மில் 225/45 என்ற அளவுள்ள டயர் போடுங்கள். அகலம் குறைந்த டயர் ஸ்னோவை அறுத்துக்கொண்டு கீழே போகும், அகலமானது மேலேறி மிதக்கும். விலையும் குறையும். நான்கும் ஒரே அளவாக இருப்பதால் முன்பின் மாற்றியும் ஓட்டலாம்.

இனி ஓட்டும் விதம். என் முதல் குளிர்காலத்தில் ஒரு ரியர் வீல் காரை ஆல் சீசன் டயரோடு ஓட்டினேன். ஹைவேயிலிருந்து இறங்கும் வளைவில் வேகம் அதிகமென்று தோன்றவும், பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டேன். கார் அரைவட்டம் அடித்துப் பனிக்குவியலில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது: காலை எடுத்ததும் கனம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசானது. அதே நொடியில் இன்ஜினின் பிடிப்பு பின்சக்கரங்களை மட்டும் இழுத்து நிறுத்தப் பார்த்தது. அதனால் வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, நேரான ரோட்டில் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் காலை மெல்லத்தான் எடுக்க வேண்டும், மெல்லத்தான் அழுத்த வேண்டும். வளைவுக்குள் சட்டென்று கியரைக் கீழே இறக்கினாலும் பின்சக்கரங்களை இன்ஜின் இப்படியே இழுத்துப் பிடிக்கும்.

வால் விலகினால் பிரேக்கை மிதிக்காதீர்கள். எங்கே போக வேண்டுமோ அங்கே பாருங்கள். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். கனடாவில் 2011 செப்டம்பர் முதல் தயாராகும் புதிய கார்களில் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம், உங்கள் காரிலும் இருக்கும். அது பெரிய துணைதான், ஆனால் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. பனியில் புதைந்து நின்றுவிட்டால் மட்டும், சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து வெளியே எடுங்கள். அப்புறம் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மைனஸ் 20-ஐவிட, பூஜ்ஜியத்தையொட்டி ஈரம் படிந்திருக்கும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். 'இன்றைக்குக் குளிர் குறைவு' என்று தோன்றும் காலைதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலை.

கேள்வி: நான் வாங்கப்போகும் காரின் டயரில் 'எம் பிளஸ் எஸ்' என்று இருக்கிறது. குளிருக்கு அதுவே போதும் என்கிறார் விற்பவர். சரியா?

பதில்: போதாது. அந்த எழுத்து டயரின் வெட்டு அமைப்பைத்தான் சொல்கிறது, ஸ்னோவில் சோதித்துப் பார்த்ததாக அர்த்தமில்லை. மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கும் முத்திரையைத் தேடுங்கள். பிறகு பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. வெட்டின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அந்த டயருக்குக் காசு கொடுக்காதீர்கள். பின்னால் மட்டும் இரண்டு வின்டர் டயர் போட்டுத் தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. கார் கிளம்பிவிடும், ஆனால் திரும்பவும் நிற்கவும் முன்சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டுமே.

ஒன்டாரியோவில் வின்டர் டயர் சட்டப்படி கட்டாயமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டினோவுக்குக் குடிபோய் வண்டியைக் கியூபெக்கில் பதிவு செய்தால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். 2016 முதல் ஒன்டாரியோ இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வின்டர் டயருக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும். நீங்களே போன் செய்து கேளுங்கள்.

கேள்வி: டிக்கியில் மணல் மூட்டை போட்டால் பிடிப்பு கூடுமா?

பதில்: பின்னால் காலியாக ஓடும் பிக்கப்புக்குக் கூடும். மூட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து, நகராதபடி கட்டுங்கள். கட்டாத மூட்டை விபத்தில் முன்னால் பறந்து வரும். ஐஎஸ் போன்ற காருக்கு இது தேவையில்லை. சிக்கிக்கொண்டால் சக்கரத்தடியில் தூவ ஒரு சின்னப் பை மணலும் ஒரு மண்வாரியும் போதும்.

கேள்வி: டீலரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாரத்தில் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாமா?

பதில்: ஒன்டாரியோவில் டீலரிடம் வாங்கும் காருக்கு அப்படி யோசிக்கும் அவகாசம் எதுவும் கிடையாது. டயர் பேரத்தில் சேர்ந்தது என்றால், அதன் அளவையும் மலை முத்திரையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.