முதலில் அந்த ஐந்து விளக்குகளையும் அணையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டு உள்அலங்காரம் என் தொழில். வேலை தொடங்குமுன் அறை எப்படி வரும் என்று பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்து, அதாவது கணினியில் படமாக்கி, காட்டுவேன். இப்போது ஒரு வரவேற்பறை. இடதுபக்கம் ஒரே ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். வெளியே சூரியனும் வானமும் வைத்தேன்; உள்ளே இருட்டாகவே இருந்தது. கூரையை ஒட்டி நான்கு ஏரியா லைட் (பலகை போன்ற பரப்பிலிருந்து ஒளி தரும் மென்பொருள் விளக்கு), கேமராவுக்குப் பின்னால் ஒன்று என்று வைத்ததும் வெளிச்சம் வந்துவிட்டது. ஆனால் படம் பிளாஸ்டிக் பொம்மை வீடு போல இருக்கிறது. சோபா தரையில் உட்காராமல் மிதக்கிறது. சுவர் சுத்த வெள்ளை, 255. டெக்ஸ்ச்சர் (மரம், துணி போன்ற மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் நல்ல தரம்தான். வேறு மென்பொருளுக்கு மாறினால் சரியாகுமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மென்பொருளை மாற்ற வேண்டாம். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி எதுவெல்லாம் சேர்ந்தது என்று 1986இல் கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா ஒரு சமன்பாடு எழுதினார்: அந்தப் புள்ளி தானே உமிழ்வது, அப்புறம் எல்லாத் திசையிலிருந்தும் அதன்மேல் விழுந்து திரும்புவது. பிளெண்டருக்குள் ரெண்டர் கணக்கைப் போடும் உங்கள் சைக்கிள்ஸும் சரி, அதே வேலையைச் செய்யும் வேறு மென்பொருள்களான விரேயும் கரோனாவும் சரி, அந்த ஒரே சமன்பாட்டுக்குத்தான் விடை தேடுகின்றன. நீங்கள் கொடுக்கும் அறை தவறாக இருந்தால் எல்லாமே தவறான படத்தைத்தான் தரும்.

அந்த ஐந்து விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். மறுபடி இருட்டாகும், ஆகட்டும். அந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் விளக்கு வைத்ததில்தான் படம் கெட்டது.

முதல் சந்தேகம் ஜன்னல் கண்ணாடிமேல். சாதாரண கிளாஸ் ஷேடர் (பரப்பு ஒளியை எப்படி நடத்தும் என்று சொல்லும் அமைப்பு) போட்டிருந்தால், நேர் வெயிலைக் கணக்கிடும்போது சைக்கிள்ஸ் அந்தக் கண்ணாடியைச் சுவர் போலவே நடத்தும். வெயில் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். கண்ணாடியைத் தற்காலிகமாக மறைத்து ஒரு ரெண்டர் எடுத்துப் பாருங்கள், உடனே தெரியும். பிறகு கதிர்களை வகைபிரிக்கும் லைட் பாத் நோடை வைத்து, நிழல் கதிர்களுக்கு (ஒரு புள்ளிக்கும் விளக்குக்கும் நடுவே மறைப்பு உண்டா என்று பார்ப்பவை) மட்டும் கண்ணாடியை டிரான்ஸ்பரன்ட் ஆக்கிவிடலாம்.

இரண்டாவது, எக்ஸ்போஷர், அதாவது கேமரா படத்தை எவ்வளவு வெளிச்சமாகப் பதிகிறது என்பது. நல்ல வெயிலில் வெளியே சுமார் 1 லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) இருக்கும். ஜன்னலைவிட்டுத் தள்ளி அறைக்குள் 400 லக்ஸ் இருந்தாலே அது வெளிச்சமான அறை. 250 மடங்கு வித்தியாசம், புகைப்படக்காரர் கணக்கில் எட்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு). நம் கண் அறைக்குள் நுழைந்ததும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ரெண்டர் கேமராவுக்கு நாம்தான் சொல்லவேண்டும். கலர் மேனேஜ்மென்டில் எக்ஸ்போஷரை 1 கூட்டினால் படம் இருமடங்கு வெளிச்சமாகும். மூன்று, நான்கு வரை கூட்டத் தயங்காதீர்கள். கணக்கிட்ட ஒளியைத் திரைநிறமாக மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்ம் ‘ஸ்டாண்டர்ட்’ என்று இருந்தால் ஜன்னல் சட்டென்று வெந்து வெள்ளையாகிவிடும், பிளெண்டர் 4.0 முதல் இயல்பாகவே வரும் ஏஜிஎக்ஸை வையுங்கள். அப்படியும் ஜன்னல் கொஞ்சம் வெளுக்கும். வெளுக்கட்டும், நிஜப் புகைப்படத்திலும் அப்படித்தான். வாடிக்கையாளருக்கு வெளிக்காட்சி கட்டாயம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுத்துச் சேருங்கள். கட்டடப் புகைப்படக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி அந்த 255 வெள்ளை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான்.

255 என்றால் விழும் ஒளியில் ஒரு துளிகூட உறிஞ்சாமல் திருப்பும் சுவர். அப்படிப்பட்ட பெயின்ட் உலகத்தில் கிடையாது. நல்ல வெள்ளைப் பெயின்ட் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பும். முழுக்க மூடிய, ஒரே நிற அறை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சுவர் 0.8 பங்கு திருப்பினால், மோதி மோதிச் சேரும் மொத்த ஒளி முதலில் விழுந்ததைப்போல 5 மடங்கு. 0.95 என்றால் 20 மடங்கு! எண்ணில் சிறிய மாற்றம், அறையிலோ நான்கு மடங்கு. 1.0 என்றால் ஒளி சாகவே சாகாது. நேரடியாக விழுவது கொஞ்சமாகவும் சுற்றிச் சுற்றி வருவது ஏராளமாகவும் ஆகும்போது, மூலையும் நடுச்சுவரும் சோபாவின் அடியும் ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. நீங்கள் பிளாஸ்டிக் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சுவரின் ஆர்ஜிபி ஸ்லைடரை 0.8இல் வையுங்கள் (255 கணக்கு நேர் விகிதமல்ல, அதில் இது சுமார் 231). திரையில் அது வெள்ளையாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சைக்கிள்ஸில் டிஃப்யூஸ் பவுன்ஸ் (சுவர் போன்ற பளபளப்பில்லாத பரப்புகளில் ஒளி எத்தனை முறை மோதித் திரும்பலாம் என்ற வரம்பு) வழக்கமாக 4 என்று இருக்கும். 0.8 சுவரில் நான்கு மோதலுக்குப் பிறகும் 41 சதவீத ஒளி மிச்சமிருக்கிறது. மென்பொருள் அதை அப்படியே வெட்டி எறிகிறது. 8 ஆக்கினால் மிச்சம் 17 சதவீதம்தான். ஆக உங்கள் அறை இழந்த வெளிச்சம் இங்கேயும் போயிருக்கிறது. சுவரை வெள்ளையாக்கியும் விளக்கு வைத்தும் அதை ஈடுகட்டப் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சோபா மிதப்பதற்குக் காரணம் கூரை விளக்குகளும் கேமராவுக்குப் பின்னால் இருப்பதும். ஒரு பொருள் தரையைத் தொடுகிறது என்று நம் கண்ணுக்குச் சொல்வது அதன் காலடியில் இருக்கும் ஒடுங்கிய கறுப்பு. நான்கு பக்கத்திலிருந்தும் ஒளி வந்தால் அந்தக் கறுப்பு கழுவிப்போய்விடும். கேமராவுக்குப் பின்னால் வைத்தது இன்னும் மோசம்: நிழல்களெல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, எதற்கும் கனம் இல்லாமல் போகிறது. இடதுபக்க ஜன்னல் மட்டும் இருக்கும்போது சோபாவின் இடது கை வெளிச்சமாகவும் வலது கை மங்கலாகவும் தெரியும். அந்த மங்கலை நீங்கள் விட்டுவைக்க வேண்டும். வலது மூலை இருண்டால் இருளட்டும். அறையில் இல்லாத விளக்கை ரெண்டரில் வைக்காதீர்கள் என்பது நான் விடாப்பிடியாகச் சொல்வது.

வெயிலின் ஓரத்தையும் கவனியுங்கள். சூரியன் வானத்தில் ஏறக்குறைய 0.53 பாகை அகலம். அதனால் ஜன்னல் சட்டத்தின் நிழல், ஒளி கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மங்கும். சட்டத்துக்கு அருகே கூர்மை, தரையில் தூரமாக விழுமிடத்தில் மென்மை. சன் லைட்டின் கோணம் பூஜ்யமாக இருந்தால் எல்லா நிழலும் கத்தியால் வெட்டியது மாதிரி வரும்.

இதையெல்லாம் டெக்ஸ்ச்சர் இல்லாமல் செய்யுங்கள். ஜன்னல் கண்ணாடியை மறைத்துவிட்டு, வியூ லேயரில் மெட்டீரியல் ஓவர்ரைடு கொடுத்து அறை முழுவதையும் ஒரே சாம்பல் நிறமாக்கி, அந்தச் சாம்பலிலேயே அறை நம்பும்படி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எந்த மரமும் துணியும் அதைக் காப்பாற்றாது. அப்புறம் மேசை, அலமாரி விளிம்புகளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெவல், அதாவது விளிம்பைச் சற்று மழுக்குவது; கணினிக்கு வெளியே முழுக் கூரான விளிம்பு அநேகமாக இல்லை.

ஜன்னலில் ‘போர்ட்டல்’ டிக் செய்த ஏரியா லைட் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறையும். அது தானாக ஒளி தராது, வானத்தின் ஒளியை எங்கே தேடுவது என்று மட்டும் சொல்லும், அதனால் அதை வைக்கலாம். மிச்ச இரைச்சலைத் துடைக்கும் டீநாய்ஸரைக் கடைசியில் போடுங்கள். போட்டபின் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி மர இழையும் துணி நெசவும் கரைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்; கரைந்திருந்தால் சாம்பிளை (படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கை) கூட்டி மறுபடி ரெண்டர் செய்யுங்கள்.

அன்புடன்