நகச்சொத்தையா? க்ரீம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுங்க

கேள்வி: வணக்கம் டாக்டர், நான் மதுரைல ஒரு மெஸ்ல சமையல் வேலை பாக்குறேன். காலைல மாவு கரைக்குறதுல ஆரம்பிச்சு ராத்திரி பாத்திரம் கழுவுற வரைக்கும் கை தண்ணிலயேதான் கெடக்கும். கொஞ்ச மாசமா வலது கை கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ரெண்டுலயும் நகத்த சுத்தி வீங்கியிருக்கு, அமுக்குனா வலிக்குது, நகமும் ஓரத்துல பச்சையும் பழுப்புமா மேடு பள்ளமா வளருது. மெடிக்கல்ல கேட்டு ஒரு ஆயின்மெண்ட் போட்டேன், நாலு நாள் கேட்டுச்சு, திரும்ப வந்துடுச்சு. பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சம்பழத்த ஓட்டை போட்டு விரல்ல சொருகிக்க சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: எலுமிச்சம்பழம் வேண்டாம்மா. ஏற்கெனவே புண்ணாகி இருக்கிற தோல்ல அந்தப் புளிப்பு பட்டா எரிச்சல்தான் கூடும். உங்க விரல மொதல்ல வெளிச்சத்துல வச்சு நல்லா பாருங்க, நகம் முளைக்கிற எடத்துல மெல்லிசா ஒரு தோல் நகத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், ஜன்னல் கண்ணாடிய சுத்தி மக்கு வச்சு அடைச்ச மாதிரி தண்ணி உள்ள போகாம காக்குறது அதுதான். நாள் முழுக்க தண்ணியும் சோப்பும் புளிச்ச மாவும் பட்டா அந்த ஒட்டு விட்டுப்போயிடும், அப்புறம் ஈரம் உள்ள தேங்கும், தோல் புண்ணாகும், கேண்டிடாங்கிற ஈஸ்ட் பூஞ்சை அங்க குடியேறும். பச்சையா தெரியுதுன்னு சொன்னீங்கல்ல, அது பூஞ்சை இல்ல, பெரும்பாலும் ஈரத்துல வளர்ற சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா. ஆக ஒரே விரல்ல ரெண்டு மூணு பிரச்சினை சேந்து இருக்கலாம், அதனாலதான் ஒரு ட்யூப் க்ரீம்ல அது அடங்கல.

நீங்க போட்ட ஆயின்மெண்ட் அட்டைய எடுத்து பாருங்க, க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன்னு ஏதாவது போட்டிருந்தா அது ஸ்டீராய்டு. வீக்கத்தையும் சிவப்பையும் சட்டுனு அமுக்கிடும், நமக்கு சரியான மாதிரி தோணும், ஆனா பூஞ்சை உள்ள இருந்தா அது பாட்டுக்கு பரவிக்கிட்டே இருக்கும். நம்ம ஊர்ல படர்தாமரை இந்த அளவுக்கு அடங்காம போனதுக்கு இந்த கலப்பு க்ரீம்கள் ஒரு பெரிய காரணம், தோல் டாக்டர்கள் வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்கோம். இதே நகவீக்கத்துக்கு சில நேரம் நாங்களே ஸ்டீராய்டு எழுதித் தருவோம், ஆனா பாத்துட்டு, எத்தனை நாளுன்னு சொல்லி தருவோம்.

வேலைய விட முடியாதுன்னு எனக்கு தெரியும்மா. உள்ள ஒரு பருத்தி கிளவுஸ், அதுக்கு மேல ரப்பர் கிளவுஸ் போட்டு பாத்திரம் கழுவுங்க, வெறும் ரப்பர் மட்டும் போட்டா வேர்த்து அதுவே ஈரமாயிடும். கழட்டுனதும் விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சு நகத்த சுத்தி வாஸ்லின் தடவுங்க. நகக்கண்ண ஊக்கு வச்சு நோண்டாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில தோல் பிரிவு ஓ.பி. இருக்கு, ஒரு காலை லீவு போட்டு போய் காட்டிடுங்க.

கேள்வி: எனக்கு வயசு 24, ஜிம் போறேன், வேலைல நாள் பூரா ஷூ. ரெண்டு கால் பெருவிரல் நகமும் மஞ்சளா தடிச்சு போச்சு, இப்ப வலது கைல மட்டும் ரெண்டு நகம் நுனியில இருந்து பொடிஞ்சு வருது. டெர்பினாஃபின்ங்கிற பூஞ்சை மாத்திரை ஒரு மாசம் சாப்பிட்டேன், நகம் அப்படியேதான் இருக்கு, அதனால நிறுத்திட்டேன். வேற மருந்து இருக்கா?

பதில்: தம்பி, ரெண்டு காலும் ஒரு கையும்னு நீங்க எழுதுனதுமே எனக்கு பாதி புரிஞ்சிடுச்சு. கால்ல இருக்கிற பூஞ்சைய எந்த கையால சொறியுறோமோ, நோண்டுறோமோ அந்த கைக்கு அது ஏறும், தோல் மருத்துவத்துல ரொம்ப பழக்கமான காட்சி இது. அதனால கைக்கு மட்டும் வைத்தியம் பாத்தா பத்தாது, கால் விரல் இடுக்குல சேத்துப்புண் இருந்தா அதையும் சேத்து பாக்கணும்.

மருந்து கேக்காம போகல, நீங்கதான் பாதில விட்டுட்டீங்க. கெட்டுப்போன நகம் திரும்ப நல்ல நகமா மாறாது, அடியில இருந்து புதுசு வந்து அத வெளிய தள்ளணும். கை நகம் மாசத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுசா மாற 6 மாசம் ஆகும், கால் பெருவிரல் நகத்துக்கு 12-ல இருந்து 18 மாசம். மாத்திரை வழக்கமா கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம், மருந்து நகத்துல தங்கி நிறுத்துன பிறகும் வேலை செய்யும். கண்ணால பாத்துக்க ஒரு வழி சொல்றேன், நல்ல நகமும் சொத்தை நகமும் சேர்ற எடத்துல நக ஃபைல் வச்சு லேசா ஒரு கோடு போடுங்க. மாசா மாசம் அந்த கோடு நுனிய பாத்து நகரும், கோட்டுக்கு அடியில வர்ற நகம் தெளிவா இருந்தா மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம், மஞ்சள் கோட்டத் தாண்டி அடிப்பக்கமா இறங்குனா உடனே டாக்டர பாருங்க.

ஆனா திரும்ப ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நகத்துண்டு எடுத்து கே.ஓ.ஹெச். டெஸ்ட் பண்ணிடுங்க, நகத்துல பூஞ்சை இருக்கான்னு மைக்ரோஸ்கோப்ல பாக்குற டெஸ்ட் அது. கெட்டுப்போன நகங்கள்ல கிட்டத்தட்ட பாதிதான் பூஞ்சை, மிச்சம் சோரியாசிஸ்ங்கிற தோல் நோய், அடிபட்டது, இறுக்கமான ஷூன்னு வேற வேற. கூடவே லிவர் டெஸ்டும் ஒண்ணு. சாக்ஸ் தினம் மாத்துங்க, ஜிம் குளியலறைல செருப்பில்லாம நடக்காதீங்க, நகவெட்டி உங்களுக்குன்னு தனியா வச்சுக்கங்க.

கேள்வி: என் 8 வயசு பொண்ணு நகத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி. கால்சியம் கம்மியா?

பதில்: இல்லைங்க. புள்ளைங்க நகத்த கடிக்கிறப்ப, எங்கயாவது இடிச்சுக்கிறப்ப படுற சின்ன அடிதான் அது, நகம் வளர வளர தானா போயிடும். டானிக் எதுவும் வாங்க வேண்டாம். நகம் நடுவுல குழிஞ்சு கரண்டி மாதிரி ஆனா மட்டும் ரத்தசோகை இருக்கான்னு பாருங்க.

கேள்வி: வயது 63, சுகர் இருக்கு, கொழுப்புக்கும் ஹார்ட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கால் நகச்சொத்தையை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீங்க ஐயா. தடிச்ச நகம் பக்கத்து தோல குத்தி சின்ன வெடிப்பு வந்தாலும், கால்ல உணர்ச்சி கம்மியா இருந்தா உங்களுக்கு தெரியாது, கிருமி உள்ள போய் கால் வீங்கி அட்மிட் ஆகுற அளவுக்கு போனவங்கள நான் நிறைய பாக்குறேன். அதே சமயம் கடையில கேட்டு மாத்திரையும் வாங்கிடாதீங்க. இட்ராகோனசோல்ங்கிற பூஞ்சை மாத்திரை சில கொழுப்பு மாத்திரைகளோட சேந்தா தசைய பாதிக்கும், ஹார்ட் ஃபெய்லியர் இருக்கிறவங்களுக்கு குடுக்கவே கூடாது. டெர்பினாஃபினும் மெட்டோப்ரோலால் மாதிரி ஹார்ட் மாத்திரையோட அளவ உடம்புல ஏத்திவிடும். சாப்பிடுற அத்தனை மாத்திரை அட்டையையும் ஒரு பைல போட்டு டாக்டர்கிட்ட கொண்டு போங்க, மாத்திரை ஒத்து வராதுன்னா நகத்துல பூசுற அமோரோல்ஃபின்னு ஒரு மருந்து இருக்கு, மெதுவாத்தான் கேக்கும். நகத்த நீங்களே பிளேடு வச்சு வெட்டாதீங்க.

கேள்வி: கட்டைவிரல் நகத்தில் ஒரே ஒரு கருப்புக் கோடு, 4 மாதமாக அகலமாகிறது. வலி இல்லை. பூஞ்சையா?

பதில்: நம்ம நிறத்துல பல நகங்கள்ல மெல்லிசா கோடு இருக்கிறது சகஜம், அதுக்கு பயப்பட வேண்டாம். ஆனா ஒரே விரல்ல புதுசா வந்து அகலமாகுற கோட்ட பூஞ்சைன்னு நினைச்சு மருந்து போட்டுக்கிட்டு உக்காரக்கூடாது, அபூர்வமா அது மெலனோமாங்கிற புற்றுநோயா இருக்கலாம். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல கால் பெருவிரல் நகத்துக்கு அடியில வந்தது இதுதான், 1981-ல 36 வயசுல இறந்துட்டார். உங்களுக்கு அதுதான்னு நான் சொல்லல, சாதாரண மச்சமாவும் இருக்கலாம், டெர்மோஸ்கோப்னு தோல பெருசாக்கி காட்டுற கருவி வச்சு பாத்தா ஓரளவு தெரியும், சந்தேகம்னா ஒரு துளி சதை எடுத்து பாப்பாங்க. கருப்பு நகத்த தாண்டி தோல்ல இறங்கியிருக்கான்னு இப்பவே பாருங்க, இறங்கியிருந்தாலும் இல்லாட்டியும் இந்த வாரத்துக்குள்ள தோல் டாக்டர பாத்துடுங்க. நெயில் பாலிஷ், மருதாணி எதுவும் போட்டுக்கிட்டு போகாதீங்க, கோடு மறைஞ்சிடும்.